வெண்பாறையும் ஒரு சொல்லும்

சிராங்கூன் சாலையில் வடக்கு நோக்கி நடந்து, பாலஸ்டியர் சாலையில் இடப்புறம் திரும்பிச் செல்வோர் தாம்சன் சாலையை அடைவர். நாள்தோறும் பல்லாயிரவர் கடந்து செல்லும் அச்சாலையின் பெயருக்கு உரியவர் யாவர் என்று வினவுவோர் மிகச் சிலரே. ஜான் டர்ன்புல் தாம்சன் என்னும் அவர், 1821ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வடபகுதியாகிய நார்தம்பர்லாந்தில் பிறந்தவர். 1838இல் பினாங்குக்கு வந்து தோட்டங்களை அளந்தவர். 1841இல், இருபது வயதளவிலேயே, சிங்கப்பூர் அரசின் நில அளவையாளராகப் பொறுப்பேற்றவர். நகரையும் அதனைச் சூழ்ந்த நிலத்தையும் நேரில் அளந்து அவர் வரைந்த படம் 1846இல் வெளிவந்தது.

அளப்பதையே தொழிலாகக் கொண்ட அப்பெருமகனார் கடல் நடுவே ஒரு கலங்கரை விளக்கமும் கட்டினார். ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர், அவ்விளக்கம் நின்ற பாறை இரு நாடுகளின் எல்லை வழக்குக்கு நிலைக்களன் ஆயிற்று. மலாய் மக்கள் அதனைப் பூலாவ் பத்து பூத்தே என்பர். போர்த்துக்கீசியர் பெட்ரா பிராங்கா என்றனர். இரண்டன் பொருளும் வெண்பாறை என்பதே. கடற்பறவைகளின் எச்சத்தால் வெளுத்துத் தோன்றிய அக்கல்லின் நீளம் 137 மீட்டர். சராசரி அகலம் 60 மீட்டர். ஒரு பள்ளித் திடலினும் பெரிதல்லாத அந்நிலம் யாருக்கு உரியது என்று முடிவு செய்ய இரு அரசுகளுக்கு 28 ஆண்டுகள் தேவைப்பட்டன.

எல்லை என்பது எதனால் ஆவது? நட்ட கல்லாலா, அளந்த கோலாலா, வாழும் மக்களின் பற்றாலா, எழுதி வைத்த எழுத்தாலா? இவ்வினாவுக்கு வெண்பாறையின் வரலாறு தரும் விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சொல்லையும் பொருளையும் தொழிலாகக் கொண்ட தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் அவ்விடையில் சிறப்பான படிப்பினை ஒன்று உண்டு.

முன்னோர் கண்ட எல்லை

எல்லை கூறுதல் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனார், நூலின் பெருமையைப் பேசப் புகுமுன் தமிழ் வழங்கும் நிலத்தின் வடவெல்லையையும் தென்னெல்லையையும் கூறிவிட்டே தொடங்குகிறார். அவர் குறித்தது மன்னர் ஒருவரின் ஆட்சிப் பரப்பன்று. ஒரு மொழியின் பரப்பு. மக்கள் பேசும் பேச்சே அங்கு எல்லையை வகுக்கிறது.

சோழர் காலத்துச் செப்பேடுகள் மற்றொரு முறையைக் காட்டுகின்றன. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூளாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். அக்கொடையைக் கூறும் ஆனைமங்கலச் செப்பேடு, லைடன் செப்பேடு என்றும் அறிஞரால் வழங்கப்படுவது. அதில் ஊரின் நாற்புறத்து எல்லைகளும் வாய்க்கால் வாய்க்காலாக, வயல் வயலாக விரித்துரைக்கப்படுகின்றன. அலுவலரும் அண்டை ஊராரும் உடன்வர, பெண்யானையை எல்லை நெடுகிலும் நடத்திச் சென்று, கல்லும் கள்ளியும் நட்டு வரையறுப்பது அக்காலத்து மரபு.

இம்மரபில் மூன்று கூறுகள் உள்ளன. ஊரார் கண்ணெதிரே நடந்து காட்டுதல் ஒன்று; மண்ணில் அடையாளம் இடுதல் ஒன்று; நடந்ததை எழுத்தில் பொறித்தல் ஒன்று. நடக்கை, அடையாளம், எழுத்து ஆகிய இம்மூன்றும் ஒருங்கே அமைந்தால் வழக்குக்கு இடமில்லை. ஒன்று குறையினும் பிற்காலத்தார்க்கு இடர் நேரும். வெண்பாறையின் கதை இதற்குச் சான்று.

பீரங்கிக் குண்டு விழும் தொலைவு

சிங்கப்பூரின் முதல் எல்லை நமக்கு இன்று வியப்பளிப்பது. 1819ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் ராபிள்ஸ், சுல்தான் உசேனுடனும் தெமெங்கோங் அப்துல் ரகுமானுடனும் உடன்படிக்கை செய்துகொண்டார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ஆங்கிலேயரின் நிலத்துக்கு எல்லை வகுக்கப்பட்டது. மேற்கே தஞ்சோங் மாலாங், கிழக்கே தஞ்சோங் காத்தோங், நிலப்புறத்தே பீரங்கிக் குண்டு சென்று விழும் தொலைவு என்பதே அவ்வெல்லை. அளவுகோலும் இல்லை, எல்லைக் கல்லும் இல்லை. வெடிமருந்தின் வலிமையே அளவாயிற்று.

ஐந்தாண்டுகள் கழித்து நிலைமை மாறியது. 1824 மார்ச் 17இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் இலண்டனில் செய்துகொண்ட உடன்படிக்கை, பழைய ஜோகூர்-ரியாவ்-லிங்கா அரசை இரண்டாகப் பிளந்தது. வடபால் ஆங்கிலேயர் செல்வாக்கும் தென்பால் டச்சுக்காரர் செல்வாக்கும் நிலவும் என்பது அதன் சாரம். அவ்வாண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் கிராஃபர்டு செய்த உடன்படிக்கையின் வழி, சிங்கப்பூர்த் தீவு முழுவதும், அதன் கரையிலிருந்து பத்து மைல் தொலைவுக்குட்பட்ட கடலும் தீவுகளும் கும்பினியாருக்கு உரிமையாயின.

வெண்பாறையோ சிங்கப்பூருக்குக் கிழக்கே 24 கடல்மைல் தொலைவில் உள்ளது. ஜோகூர்க் கரைக்கு அது 7.7 கடல்மைல், பிந்தான் தீவுக்கு 7.6 கடல்மைல். ஆகவே 1824இல் எழுதப்பட்ட பத்து மைல் எல்லைக்கு வெளியே அது நின்றது. அப்பாறையின் பெயர் கிராஃபர்டு உடன்படிக்கையில் இடம்பெறவில்லை. எழுத்து மௌனம் சாதித்த இடத்தில்தான் பிற்கால வழக்குக்கு வித்து விழுந்தது.

மணற்கடலும் நீர்க்கடலும்

இத்தகைய இடர் நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. பாரசீக வளைகுடாவின் தென்கரையில் அமைந்த அரபு ஷேக்குகளின் சிற்றரசுகளை இங்கு ஒப்புநோக்குதல் தகும். அப்பாலை நிலத்தில் ஒட்டகம் மேய்த்துத் திரியும் மக்களுக்குக் கோடு என்பது பொருளற்றது. எந்தக் கிணறு எந்தக் குலத்தாருக்கு, அக்குலம் எந்த ஷேக்கின் சொல்லுக்குக் கட்டுப்படும், சக்காத்து வரியை யாரிடம் செலுத்தும் என்பனவே அங்கு அறியத்தக்கன. எண்ணெய் தோண்டும் நிறுவனங்கள் வந்த பின்னரே, எந்த மணல்மேடு யாருடையது என்னும் வினா கூர்மையடைந்தது.

1950களில் ஜூலியன் வாக்கர் என்னும் இளம் பிரிட்டிஷ் அதிகாரி அச்சிற்றரசுகளின் எல்லைகளை ஆராயும் பணியை ஏற்றார். பாலையிலும் மலையிலும் அலைந்து, குலத்தலைவர்களையும் மூத்தோரையும் வினவி, அவர்தம் பற்று யார்பால் என்று கேட்டறிந்து அவர் கோடுகளை வகுக்க முனைந்தார். மக்களின் பற்றையே அடிப்படையாகக் கொண்ட அம்முறையின் விளைவை ஐக்கிய அரபுச் சிற்றரசுகளின் வரைபடத்தில் இன்றும் காணலாம். அந்நாட்டு நிலத்தால் சூழப்பட்ட மத்ஹா என்னும் பகுதி ஓமானுக்கு உரியது. அந்த மத்ஹாவுக்குள்ளேயே அமைந்த நஹ்வா என்னும் சிற்றூர் ஷார்ஜாவுக்கு உரியது. மோதிரத்துக்குள் மோதிரம் போல் அமைந்த இவ்வெல்லைகளை எந்த அளவுக் கருவியும் படைத்திராது. பற்று ஒன்றே படைத்தது.

மணற்கடலில் திரிந்தோர்க்கு நேர்ந்தது நீர்க்கடலில் திரிந்தோர்க்கும் நேர்ந்தது. ஓராங் லாவுட் எனப்படும் கடல்மக்கள் படகையே வீடாகக் கொண்டு சிங்கப்பூர் நீரிணையிலும் சுற்றியுள்ள தீவுகளிலும் வாழ்ந்தனர். மீன்பிடித்தனர், கப்பல்களுக்கு வழிகாட்டினர், சிலர் கொள்ளையும் அடித்தனர். அவர்கள் ஜோகூர் சுல்தானுக்கும் தெமெங்கோங்குக்கும் அடங்கியவர். நாகூர்த் தமிழ்ப் பெண்ணை மணந்த ஏமன் நாட்டு அராபியரின் வழியில் வந்த முன்ஷி அப்துல்லா, தம் வரலாற்று நூலில் சிங்கப்பூரில் கண்ட இம்மக்களைப் பற்றி எழுதியுள்ளார். அந்நூலின் பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து 1874இல் வெளியிட்டவர் நாம் முன்னர்க் கண்ட தாம்சனே என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

விளக்கு எழுந்த வரலாறு

சீனத்துக்குச் செல்லும் கப்பல்களும் அங்கிருந்து மீளும் கப்பல்களும் வெண்பாறையை ஒட்டியே செல்ல வேண்டியிருந்தது. பாறையில் மோதி மூழ்கிய கலங்கள் பல. கிழக்கிந்தியக் கும்பினியின் கடல்வரைபட அறிஞராக விளங்கிய ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க் 1836இல் மறைந்தபோது, அவர் நினைவாகக் கலங்கரை விளக்கம் ஒன்று எழுப்ப வேண்டுமெனக் கான்டன் நகர வணிகர் கூடிப் பொருள் திரட்டினர்.

1844இல் ஆளுநர் பட்டர்வொர்த், ஜோகூரின் சுல்தானுக்கும் தெமெங்கோங்குக்கும் கடிதம் எழுதினார். அவ்வாண்டு நவம்பர் 25ஆம் நாளிட்ட மறுமொழிகளில் இருவரும் விளக்கம் அமைப்பதற்கு இசைவு தெரிவித்தனர். அக்காலத்தில் எந்தப் பாறை என்பது உறுதியாகவில்லை. வேறொரு பாறையும் கருத்தில் இருந்தது. மறுமொழிகள் நமக்குக் கிடைத்துள்ளன. பட்டர்வொர்த் எழுதிய கடிதங்கள் கிடைக்கவில்லை. வினா தொலைந்து விடை மட்டும் எஞ்சிய நிலை அது. இசைவு வெண்பாறைக்கும் பொருந்துமா, நிலத்தையே கொடுத்ததாகுமா, விளக்கம் கட்ட மட்டும் விடுத்த இசைவாகுமா என்று பின்னாளில் எவராலும் அறுதியிட்டுக் கூற இயலவில்லை.

வெண்பாறையே தக்க இடம் என முடிவான பின்னர், தாம்சன் அலையின் வலிமையை அறியும்பொருட்டு அங்குச் செங்கல் தூண்களை நிறுத்திச் சோதித்தார். பருவக்காற்றின் சீற்றம் செங்கல்லுக்கு அடங்காது எனக் கண்டு, பூலாவ் உபின் தீவின் கருங்கல்லைக் கொண்டு விளக்கத்தை எழுப்பினார். 1850 மே 24ஆம் நாள் ஆளுநர் முன்னிலையில் அடிக்கல் நாட்டப்பட்டது. அவ்விழாவில் ஜோகூர் ஆட்சியாளர் இடம்பெறவில்லை. சில நாள்களுக்குப் பின்னர்த் தெமெங்கோங் தம் பரிவாரம் சூழப் பாறைக்கு வந்து பார்த்துச் சென்றார். 1851 அக்டோபர் 15ஆம் நாள் இரவு ஹார்ஸ்பர்க் விளக்கம் முதன்முதலாக ஒளிவீசியது.

முன்னர்க் கூறிய மூன்று கூறுகளையும் இங்குப் பொருத்திப் பார்ப்போம். கருங்கல்லால் ஆன அடையாளம் உண்டு. கட்டுதல், காத்தல் என்னும் நடக்கை உண்டு. இப்பாறை இன்னாருக்கு உரியது என்று ஐயமறக் கூறும் எழுத்து மட்டும் இல்லை. நல்லுறவு நிலவிய காலம் ஆதலின், அதன் குறை எவர்க்கும் தோன்றவில்லை.

ஒரு சொல்

ஏறத்தாழ நூறாண்டுகள் கழிந்தன. தனது கடல் எல்லையை வரையறுக்க முற்பட்ட சிங்கப்பூர்க் குடியேற்ற அரசு, 1953 ஜூன் 12ஆம் நாள் ஜோகூரில் இருந்த பிரிட்டிஷ் ஆலோசகருக்குக் கடிதம் எழுதியது. வெண்பாறை 1824ஆம் ஆண்டு எல்லைக்கு வெளியே இருப்பதைச் சுட்டி, அது குத்தகையாகவோ கொடையாகவோ வழங்கப்பட்டதற்கு ஆவணம் உண்டா என்று வினவியது. அவ்வாண்டு செப்டம்பர் 21ஆம் நாள் ஜோகூரின் தற்காலிக அரசுச் செயலாளர் மறுமொழி விடுத்தார். வெண்பாறையின் உடைமையை ஜோகூர் அரசு கோரவில்லை என்பதே அதன் கருத்து. சில வரிகளே கொண்ட கடிதம். காரணம் எதுவும் அதில் கூறப்படவில்லை.

அதன் பின்னர்ச் சிங்கப்பூர் அப்பாறையில் தன் பணிகளைத் தொடர்ந்தது. அருகே நேர்ந்த கப்பல் விபத்துகளை விசாரித்தது. 1977இல் படைத்துறைத் தொடர்புக் கருவிகளை நிறுவியது. 1978இல் மலேசிய அலுவலர் அளவைப் பணிக்காக அங்கு வர விரும்பியபோது முன் இசைவு பெறுமாறு கேட்டது. மறுப்புக் குரல் எழவில்லை. அதுமட்டுமன்று: 1962க்கும் 1975க்கும் இடையே மலாயாவும் பின்னர் மலேசியாவும் வெளியிட்ட அரசு வரைபடங்கள் சிலவற்றில், வெண்பாறையின் பெயருக்குக் கீழே சிங்கப்பூர் என்னும் பெயர் அச்சிடப்பட்டிருந்தது. படம் வரைந்தோரின் சிறு குறிப்பு, காலப்போக்கில் பெருஞ்சான்று ஆயிற்று.

1979 டிசம்பர் 21ஆம் நாள் மலேசியா வெளியிட்ட புதிய வரைபடம் வெண்பாறையைத் தன் கடலுக்குள் காட்டியது. 1980 பிப்ரவரி 14ஆம் நாள் சிங்கப்பூர் மறுப்புத் தெரிவித்தது. வழக்கு அன்று தொடங்கியது.

நீதிமன்றத்தின் தீர்ப்பு

பேச்சுகள் பயன் தாராமையால், வழக்கை உலக நீதிமன்றத்திடம் ஒப்படைக்க இரு நாடுகளும் 2003 பிப்ரவரி 6ஆம் நாள் ஒப்பந்தம் செய்துகொண்டன. ராபிள்ஸ் உடன்படிக்கை செய்துகொண்ட அதே நாளில் இதுவும் நிகழ்ந்தது காலத்தின் விந்தை. 2007 நவம்பரில் ஹேக் நகரில் வாதங்கள் நடைபெற்றன. சிங்கப்பூரின் பக்கம் அப்போதைய துணைப் பிரதமர் பேராசிரியர் எஸ். ஜெயக்குமார், பேராசிரியர் டாமி கோ, தலைமை நீதிபதி சான் செக் கியோங் முதலியோர் வாதிட்டனர்.

2008 மே 23ஆம் நாள் தீர்ப்பு வெளிவந்தது. அதன் முதற்பகுதி சிங்கப்பூரின் வாதங்களுள் ஒன்றை ஏற்கவில்லை. 1847இல் வெண்பாறை உரிமையாளர் அற்ற நிலம் என்று சிங்கப்பூர் கூறியிருந்தது. நீதிமன்றமோ, ஜோகூர் சுல்தானுக்கு அப்பாறையின்மீது தொன்மையான உரிமை இருந்தது என்று கூறியது. அதற்குக் காட்டிய சான்றுகளுள் தலையாயது, கடல்மக்கள் சுல்தானிடம் கொண்டிருந்த பற்று. அரபு ஷேக்குகளின் பாலையில் குலத்தாரின் பற்று எல்லையானது போலவே, இந்நீரிணையில் படகுவாழ் மக்களின் பற்று உரிமைக்கு அடிப்படையாயிற்று. 1843 மே 25ஆம் நாளிட்ட சிங்கப்பூர் ஃப்ரீ பிரஸ் இதழ், வெண்பாறையைத் தெமெங்கோங்கின் ஆட்சிக்கு உட்பட்ட இடங்களுள் ஒன்றாகக் குறிப்பிட்டிருந்ததும் சான்றாக ஏற்கப்பட்டது.

எனினும் அவ்வுரிமை நிலைக்கவில்லை. இவ்விடத்தில்தான் ஒரு சொல்லின் பொருள் ஆராயப்பட்டது. உடைமை வேறு, இறைமை வேறு என்று மலேசியா வாதிட்டது. ஒருவன் வீட்டைத் தன் உடைமையாகக் கொள்ளலாம். அவ்வீடு நிற்கும் நாட்டின் இறைமை அவனுக்கு இல்லை. ஜோகூர் மறுத்தது உடைமையை மட்டுமே; இறைமையை அன்று என்பது அவ்வாதத்தின் சாரம். இலக்கணம் கற்றோர்க்கு இது வலிமையான வாதமாகவே தோன்றும்.

நீதிமன்றம் அச்சொல்லைத் தனியே நிறுத்திப் பார்க்கவில்லை; எந்த வினாவுக்கு விடையாக அது வந்தது என்று நோக்கியது. சிங்கப்பூர் வினவியது கடல் எல்லையை வகுக்கும்பொருட்டு; ஆதலால் வினா இறைமை பற்றியது. இறைமை பற்றிய வினாவுக்கு உடைமை இல்லை என்று விடையிறுத்தால், அவ்விடையும் இறைமை பற்றியதே ஆகும். சொல்லுக்கு இடம் நோக்கிப் பொருள் கொள்க என்று நம் உரையாசிரியர்கள் போற்றிய நெறியே அங்குப் பின்பற்றப்பட்டது எனலாம்.

அக்கடிதத்தோடு, அதன் முன்னும் பின்னும் இரு தரப்பாரும் நடந்துகொண்ட முறையையும் சீர்தூக்கி, 1980க்குள் உரிமை சிங்கப்பூரின் கைக்கு மாறிவிட்டது என்று பன்னிரண்டு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர், நால்வர் மாறுபட்டனர். அருகே உள்ள நடுப்பாறைகளைப் பொறுத்தவரை அத்தகைய கடிதமோ நடக்கையோ இல்லாமையால், பழைய உரிமையின்படி அவை மலேசியாவுக்கு உரியவை என்று பதினைந்துக்கு ஒன்று என்னும் கணக்கில் முடிவாயிற்று. நீர் வற்றும்போது மட்டும் தலைகாட்டும் தென்திட்டு, எந்நாட்டுக் கடலில் உள்ளதோ அந்நாட்டுக்கே உரியது என்றனர். 2017இல் மலேசியா தீர்ப்பை மறு ஆய்வு செய்யவும் விளக்கவும் கோரி விண்ணப்பித்தது. 2018இல் அவ்விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இதே நீதிமன்றம் 2001இல் கத்தாருக்கும் பஹ்ரைனுக்கும் இடையிலான வழக்கில் ஹவார் தீவுகளைப் பஹ்ரைனுக்கு அளித்தது. அதற்கு அடிப்படையானது 1939இல் பிரிட்டிஷ் அரசு எடுத்து, இரு ஷேக்குகளுக்கும் கடிதவழி அறிவித்த முடிவு. கிழக்கிலும் மேற்கிலும் தாள்களே தீவுகளின் தலைவிதியை எழுதின.

நாம் கற்கத்தக்கது

இவ்வழக்கை வெற்றி தோல்வி என்னும் அளவில் மட்டும் காண்பது சிறப்பாகாது. ஜோகூர் மக்களின் நெஞ்சில் இது விட்டுச் சென்ற வருத்தம் மதிக்கத்தக்கது. அவர்தம் மூதாதையரின் உரிமையை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆயினும் ஓர் அலுவலரின் சில வரிகளும் பல்லாண்டு மௌனமும் அதனைக் கரைத்துவிட்டன. அவ்வுரிமைக்கு உயிர்ச்சான்றாக விளங்கிய கடல்மக்களோ எந்தத் தாளிலும் கையொப்பம் இட்டவரல்லர். அவர்கள் நெஞ்சிற் கொண்ட பற்று நூற்றாண்டுகள் நிலைத்தது. அதனை முடித்து வைத்தது அவர்கள் அறியாத மொழியில் எழுதப்பட்ட கடிதம். வரலாற்று மாணவர் இதனை மறத்தலாகாது.

எல்லை வரைவதில் இவ்விரு நாடுகளும் ஒன்றுபட்டுச் செய்த நற்செயலும் உண்டு. ஜோகூர் நீரிணையில் ஆழ்கால்வாயின் நடுவே எல்லை செல்லும் என்று 1927ஆம் ஆண்டு ஒப்பந்தம் கூறியது. ஆனால் கடலடி மணல் ஓரிடத்தில் நிலைத்திருப்பதன்று. கால்வாய் நகர்ந்தால் எல்லையும் நகருமோ என்னும் ஐயம் எழும். இரு தரப்பு அளவையாளரும் கூடி அளந்ததன் பயனாக, 1995 ஆகஸ்டு 7ஆம் நாள் கையொப்பமான ஒப்பந்தத்தில் எல்லைப் புள்ளிகள் எண்களால் குறிக்கப்பட்டன. கால்வாயின் ஆழமோ போக்கோ மாறினும் எல்லை மாறாது என்றும் எழுதப்பட்டது. உடன் நடந்து, உடன் அளந்து, உடன் எழுதிய அவ்வெல்லையில், ஆனைமங்கலத்துப் பெண்யானையின் பின்சென்ற ஊராரின் மரபு மீண்டும் தழைத்தது எனலாம்.

தாம்சன் உடல்நலம் குன்றி 1853இல் சிங்கப்பூரை நீங்கினார்; பின்னர் நியூசிலாந்தில் குடியேறி, 1876இல் அந்நாட்டின் முதல் தலைமை நில அளவையாளர் ஆனார்; 1884இல் மறைந்தார். அவர் வைத்த கருங்கல் இன்றும் அலைகளைத் தாங்கி நிற்கிறது. ஆனால் அப்பாறை யாருக்கு உரியது என்பதைக் கல் கூறவில்லை; சொல்லே கூறியது.

உடைமை, உரிமை, இறைமை, ஆட்சி ஆகிய சொற்களுக்கிடையே என்ன வேறுபாடு என்று வகுப்பில் வினவும் ஆசிரியரை, தேர்வுக்கு வேண்டாதவற்றைப் பேசுபவர் என்று மாணவர் சிலர் எண்ணக்கூடும். அவர்களுக்கு வெண்பாறையின் கதையைக் கூறுக. ஒரு சொல்லை ஆராயாது எழுதியமையால் ஓர் அரசு தன் தொன்மையான உரிமையை இழந்தது. ஒரு கடிதத்தைப் பேணிக் காத்தமையால் மற்றோர் அரசு தன் உரிமையை நிலைநாட்டியது. எழுதுமுன் எண்ணுக, எழுதியதைக் காக்க, மறுக்க வேண்டிய இடத்தில் வாய்மூடி இராதீர் என்பதே கடல் நடுவே நிற்கும் அவ்விளக்கம் நமக்குக் காட்டும் ஒளியாகும்.